கம்பி தெரியும் பழைய தார்சு: இடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீடு. 1956-ல் அப்பாரு (தாத்தா) கட்டியது. சமையலறையிலும் முன் தாழ்வாரத்திலும் தார்சின், அதாவது தட்டைக் கூரையின், அடிப்பக்கம் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. ஐப்பசி மழைக்கு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. வந்து பார்த்த பில்டர், "எதுக்குங்க மெனக்கெடறீங்க, இடிச்சுட்டுப் புதுசாப் போட்டுக்கலாமுங்க" என்கிறார். இன்னொருவர் மேலே கெமிக்கல் அடித்தால் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது, இந்தத் தார்சைக் காப்பாற்ற முடியுமா, முடிந்தால் மேலே ஒரு மாடி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பேர் பேச்சையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். கம்பி தெரிகிறது என்பதற்காக மட்டும் ஒரு தார்சை இடிக்க வேண்டியதில்லை. மேலே எதை அடித்தாலும் அடியில் துருப்பிடித்துக்கொண்டிருக்கும் கம்பி அதனால் நின்றுவிடப் போவதும் இல்லை. துரு எதனால் வந்தது, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்தவர் யாருமில்லாமல் இரண்டு பேரும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். பழைய கான்கிரீட் கூரைகளைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பார்ப்பதில் பாதியை நீங்களே செய்துகொள்ளலாம்.

முதலில் உங்கள் தலைக்கு மேல் இருப்பது உண்மையிலேயே கம்பி போட்ட கான்கிரீட்தானா என்று உறுதி செய்யுங்கள். நம் பக்கத்தில் தட்டையான கூரை எல்லாமே தார்சுதான். ஆனால் அதற்குள் மூன்று வகை உண்டு. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் சின்னச் செங்கலைக் குத்துக்கல்லாகச் சாய்வாட்டத்தில் சுண்ணாம்பில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் ஒன்று. இரும்பு உத்திரத்துக்கும் பழைய தண்டவாளத்துக்கும் நடுவே செங்கல் வளைவு கட்டியது இன்னொன்று. அடியிலிருந்து பார்த்தால் வரிசையாக மேடு பள்ளமாகத் தெரியும். பூசி மறைத்திருந்தால் சட்டெனப் பிடிபடாது. மூன்றாவதுதான் கம்பி கட்டி ஊற்றிய கான்கிரீட். ஒரே வீட்டில் மூன்றும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்: நடு வீடு கட்டை, தாழ்வாரம் தண்டவாளம், பிறகு சேர்த்த சமையலறை கான்கிரீட். முதல் இரண்டுக்கும் வைத்தியமே வேறு. அங்கே உத்திரத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். மட்குவதும் துருப்பிடிப்பதும் அங்கேதான் தொடங்கும். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உங்களுடையது கான்கிரீட் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

1956 என்ற வருஷம் நிறைய விஷயங்களைச் சொல்லிவிடுகிறது. இரும்பையும் கான்கிரீட்டையும் சேர்க்கும் வித்தை பிரான்சில் பிறந்தது. தோட்டக்காரரான ழோசெப் மோனியே 1867-ல் பூந்தொட்டிக்குக் கம்பி போட்டுக் காப்புரிமை வாங்கினார். தூண், உத்திரம், தளம் மூன்றையும் ஒரே உடலாக ஊற்றும் முறைக்கு பிரான்சுவா என்பீக் 1892-ல் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் சிமெண்டுத் தொழில் காலூன்றியது 1914-ல் போர்பந்தரில். அதற்கு முன் பீப்பாயில் கப்பல் ஏறி வந்த சிமெண்டுதான். கொங்கு நாட்டுக்கு இது எட்டும் தூரத்தில் வந்தது 1930-களில், மதுக்கரையில் சிமெண்டு ஆலை வந்த பிறகு. அதே பத்தாண்டில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரமும் வந்து கோவையில் மில்கள் பெருகின. பவானிசாகர் அணை 1955-ல் முடிந்தது; கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகு கையில் காசு பார்த்த தோட்டக்காரர்கள் ஓட்டு வீட்டை விட்டுத் தார்சு வீட்டுக்கு மாறினார்கள். உங்கள் அப்பாரு கட்டியது அந்த அலையில்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அது பெர்மிட் சிமெண்டுக் காலம். சிமெண்டின் விலையும் விநியோகமும் அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்தன. 1982-ல் பாதி தளர்ந்து, 1989-ல்தான் முழுக்க நீங்கியது. கிடைத்த மூட்டைக்குள் வேலையை முடிக்க வேண்டிய கட்டாயம் எல்லோருக்கும் இருந்தது. கலவை சிமெண்டு ஒன்றுக்கு மணல் இரண்டு, ஜல்லி நாலு. கையால் உடைத்த கருங்கல் ஜல்லி, ஆற்று மணல், மண்வெட்டியால் கலக்கி, சட்டியில் கை மாற்றி, கம்பியால் குத்தி இறக்கியது. வைப்ரேட்டர் கிடையாது. குத்த எளிதாக இருக்கட்டும் என்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றினார்கள். அந்த அதிகத் தண்ணீர் உலர்ந்து போன வழியெல்லாம் நுண்துளை. கம்பி வழவழப்பான உருண்டைக் கம்பி, மூணு நூல் கனம், இரண்டு முனையிலும் கொக்கி வளைத்தது. முறுக்குக் கம்பி புழக்கத்துக்கு வந்தது 1960-களில்தான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறி, ஐ.எஸ். 456, முதலில் வெளிவந்ததே 1953-ல். கிராமத்து மேஸ்திரிக்கு அது எட்டியிருக்காது.

இத்தனைக்கும் அந்தத் தார்சு எழுபது வருஷம் நின்றிருக்கிறது. நம் பக்கத்துக் கருங்கல் ஜல்லி நல்ல உறுதி. சுவருக்குச் சுவர் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் யாரும் போகவில்லை. கம்பியையும் சிக்கனம் பிடிக்காமல் நெருக்கமாகப் போட்டார்கள். பலத்தில் அவர்கள் பெரிதாகக் குறை வைக்கவில்லை. கம்பிக்கு அடியில் விடவேண்டிய கனத்தில்தான் குறை. கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி வைக்கும் கவர் பிளாக் என்ற ஒன்று அன்று கிடையாது. சென்டரிங் பலகை மேல் கம்பியைப் பரப்பி, அங்கங்கே ஒரு சில்லு ஜல்லியைக் கீழே தள்ளிவிட்டு, அதன் மேலேயே நடந்து ஊற்றினார்கள். அரை அங்குலம் இருந்தால் அதிர்ஷ்டம். கால் பட்ட இடத்தில் கம்பி பலகையையே தொட்டுக்கொண்டிருக்கும்.

அந்த அரை அங்குலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும். சிமெண்டு இறுகும்போது சுண்ணாம்புச் சத்து நிறைய வெளிவரும். அதனால் கான்கிரீட் கடுமையான காரத்தன்மையோடு இருக்கும்; பி.எச். அளவில் 12.5-க்கும் மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகும். அது இருக்கும்வரை ஈரம் பட்டாலும் துரு ஏறாது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு அந்த நுண்துளைகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்ச் சுண்ணாம்பைச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றிவிடும். மாறிய இடத்தில் காரம் 9-க்கும் கீழே இறங்கும். அந்த எல்லை கம்பியைத் தொட்ட நாளில் காப்பு போய்விடும். அதன் பிறகு ஈரமும் காற்றும் கிடைத்தால் துருதான். துரு இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த வீக்கத்தில்தான் காரை வெடித்து விழுகிறது.

இந்த எல்லை நகரும் வேகம் போகப் போகக் குறையும். ஆழம் இரண்டு மடங்காக, காலம் நாலு மடங்காகும். 15 மி.மீ. போக 25 வருஷம் எடுத்த கான்கிரீட்டில் 30 மி.மீ. போக 100 வருஷம் ஆகும். அதனால்தான் ஒரே தார்சில் கம்பி ஒட்டிக் கிடந்த இடம் வெடித்து, இரண்டடி தள்ளி ஓர் அங்குலம் உள்ளே கிடந்த கம்பி இன்றைக்கும் கருநீலமாகப் பளபளக்கிறது. மொத்தத்தையும் இடிக்கச் சொல்பவர் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

உங்களுக்குச் சமையலறையில் முதலில் வந்ததும் இதனால்தான். விறகடுப்பு எரிந்த காலத்தில் கரியமில வாயுவும் நீராவியும் நேரே மேலே போய்ப் பட்டன. அடுப்பு அணைந்ததும் காய்ந்தது. நனைந்து காய்ந்து நனையும் கான்கிரீட்தான் சீக்கிரம் கெடும். தாழ்வாரத்தில் காரணம் வேறாக இருக்கும். ஓரத்தில் வழியும் மழைத் தண்ணீர் அடிப்பக்கம் ஊர்ந்து வராமல் சொட்டி விழ ஒரு காடி (பள்ளக் கோடு) விட்டிருக்க வேண்டும். அது இல்லாமலோ, பெயிண்டும் பூச்சும் சேர்ந்து அடைந்தோ இருக்கும். போய்ப் பாருங்கள்.

உப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கரியமில வாயுவால் வரும் துரு மெதுவாகப் பரவும். குளோரைடு உப்பால் வருவது அப்படி இல்லை. காரம் குறையாமலே காப்புப் படலத்தை அது அங்கங்கே துளைத்து, கம்பியை ஒரு புள்ளியில் ஊசியாக மெலிய வைத்துவிடும். வெளியே அறிகுறி குறைவு. நம் பகுதியில் கடல் இல்லை. ஆனால் உப்புத் தண்ணீர்ப் போர்வெல் இருக்கிறது. கலவைக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. அவிநாசி, பல்லடம், காங்கயம் பக்கத்தில் பல போர்வெல் தண்ணீர் அதைத் தாண்டும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் உப்பு மூட்டை அடுக்கிய அறைகளின் கூரை, இருபது வருஷம்கூட ஆகாமல், எழுபது வருஷத் தோட்டத்து வீட்டைவிட மோசமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது 1956-ல் கிணற்றுத் தண்ணீரிலோ வாய்க்கால் தண்ணீரிலோ ஊற்றியது. கோபி பக்கத்தில் நல்ல தண்ணீர். பயம் குறைவு. இருந்தாலும் தூளெடுத்து ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். கோவையில் பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறைகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து கொடுக்கிறார்கள்.

இப்போது நீங்களே செய்யக்கூடியது. ஒரு சின்னச் சுத்தியல், சாக்பீஸ், ஏணி, கண்ணுக்குக் கண்ணாடி. தலைக்கு மேல் காரை விழும், துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். ஓர் அறையின் ஒரு மூலையில் தொடங்கி, அரையடிக்கு ஒரு தட்டு, வரிசையாகப் போங்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று சொல்லும். உள்ளே பிரிந்து கிடக்கும் இடம் பொத்தென்று கேட்கும். முதலில் குழப்பும், பத்து நிமிஷத்தில் காது பழகிவிடும். பொள்ளலான இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பூச்சு மட்டும் விட்டிருந்தாலும் அதே சத்தம் வரும் என்பதால், அந்த இடத்தில் பூச்சைக் கொத்தியெடுத்துக் கான்கிரீட்டையே மறுபடி தட்டிப் பாருங்கள். எல்லா அறையும் முடிந்ததும் ஒரு தாளில் வரைந்து, போட்டோ எடுத்து, தேதி போட்டு வையுங்கள். வட்டங்கள் ஒழுகும் இடத்தையும் குளியலறை ஓரத்தையும் சுற்றியே இருந்தால் தார்சு பிழைக்கும். அறை முழுக்க, சுவரிலிருந்து சுவர்வரை இருந்தால் அது வேறு பேச்சு.

பொள்ளலான இடங்களுக்குக் கீழே அன்றைக்கே கட்டிலை நகர்த்திவிடுங்கள். ஒரு சட்டி அளவு கான்கிரீட் விழுந்தாலே ஆள் பிழைப்பது கஷ்டம். ஃபேன் மாட்டிய கொக்கியையும் பாருங்கள். அது கம்பியில் மாட்டியிருக்கும், கம்பி மெலிந்தால் கொக்கியும் மெலிந்திருக்கும்.

அடுத்த சோதனைக்குப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த பினாப்தலீன் கரைசல் போதும். கான்கிரீட்டில் ஒரு சில்லைப் புதிதாக உடைத்து, தூசியை ஊதிவிட்டு, உடைந்த முகத்தில் தெளியுங்கள். காரம் மிச்சம் இருக்கும் இடம் நல்ல ரோஸ் நிறத்துக்கு மாறும். காரம் போன இடம் நிறம் மாறாது. விளிம்பிலிருந்து நிறம் தொடங்கும் இடம்வரை அளந்தால் அதுதான் உங்கள் எல்லை. கம்பி ரோஸுக்குள் இருந்தால் அது பத்திரம். நிறமில்லாத பக்கத்தில் இருந்தும் துரு இல்லை என்றால், ஈரம் எட்டவில்லை என்று அர்த்தம். இனியும் எட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒவ்வோர் அறையிலும் நாலைந்து இடத்தில் செய்யுங்கள்.

தெரியும் கம்பியைக் கம்பி பிரஷால் நன்றாகத் தேய்த்துவிட்டு வெர்னியரில் அளந்து பாருங்கள். மூணு நூல் கம்பி புதிதில் 9.5 மி.மீ. அது 8.5-க்கு வந்திருந்தால் பார்வைக்கு ஒன்றும் ஆகாததுபோல இருக்கும். ஆனால் வெட்டுப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது, பலமும் அந்த அளவுக்குப் போய்விட்டது. அந்த நிலைக்கு வந்த கம்பிக்குப் பக்கத்துணையாகப் புதுக் கம்பி சேர்த்தே ஆக வேண்டும்.

வெயிலுக்கும் மழைக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடும் பால்கனியும் தனிக் கதை. சுவருக்குச் சுவர் கிடக்கும் தளத்தில் இழுவை அடியில் வரும், கம்பியும் அடியில் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள சன்ஷேடில் இழுவை மேலே வரும். கம்பி மேலே இருக்க வேண்டும். ஊற்றும்போது மிதித்து அது கீழே இறங்கியிருந்தால் அந்த சன்ஷேடைத் தாங்கிக்கொண்டிருப்பது வெறும் கான்கிரீட்தான். கம்பி மேலே சரியாக இருந்தாலும், மேல் பக்கம் தண்ணீர் தேங்கி, சுவரை ஒட்டிய மூலையில் துருப்பிடித்தால் அடியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே தெரியாது. தளம் தொய்ந்து, வெடித்து, எச்சரித்துவிட்டுத்தான் விழும். சன்ஷேடு எச்சரிக்காது. சுவரை ஒட்டி மேல்பக்கம் நீளவாக்கில் ஒரு விரிசல் இருந்தால் அதைப் பழுதுபார்க்கும் யோசனையே வேண்டாம். முட்டுக் கொடுத்து, வெட்டி எடுத்து, புதிதாகப் போடுங்கள். பழைய கட்டடத்தின் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இனி மேலே போவோம். வேலை மேலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒழுகல் நிற்காமல் அடியில் என்ன செய்தாலும் இரண்டு மழைக்கு மேல் தாங்காது. முதலில் தண்ணீர் வெளியேறும் தூம்பைப் பாருங்கள். வேப்பிலையும் புங்கஞ்சருகும் அடைத்திருக்கும். கைப்பிடிச் சுவர் மூலையில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டிவிட்டுப் போகாதீர்கள், வேரோடு எடுத்து அந்த ஓட்டையைச் சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள். அப்புறம் தட்டோட்டை, அதாவது மேலே பதித்திருக்கும் தட்டையான ஓடுகளை, ஓர் இடத்தில் பெயர்த்து, கீழே எத்தனை அடுக்கு இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒழுகும்போதெல்லாம் பழையதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த தளம்) போடுவது நம் ஊர் வழக்கம். மூன்று அங்குலச் செங்கல் ஜல்லித் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 140 கிலோ. நாலு அங்குலக் கான்கிரீட்டே 250 கிலோதான். இரண்டு அடுக்கு சுருக்கி ஏறியிருந்தால் தார்சு தன்னைவிட அதிக எடையைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஆயிரம் லிட்டர் தொட்டி நடு அறைக்கு மேல் உட்கார்ந்திருந்தால் அதையும் இறக்கிச் சுவர் மேலோ தனித் தூண் மேலோ வையுங்கள். எடையைக் குறைத்தாலே பாதிப் பழுது பார்த்த மாதிரி.

பழைய சுருக்கியை எடுத்தபின் மறுபடி போடுவதற்கு அந்தப் பழைய முறையையே சிபாரிசு செய்வேன். நம் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பே 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12.5 பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் சேர்க்காமல், மூன்று அங்குலக் கனம் என்கிறது. இதன் உயிர் தட்டுவதில் இருக்கிறது. ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டாப்புளியால் (மரச்சுத்தியால்) நாள் கணக்கில் தட்ட வேண்டும். கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தட்டத் தட்ட இறுகி, கடைசியில் கொட்டாப்புளி துள்ளித் திரும்பும். அதன் மேல் தட்டோடு. வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம். வெயிலில் தளம் விரிந்து சுருங்கும்போது இது கூடவே நெகிழும். உள்ளே போன ஈரத்தை ஆவியாக விடும். தட்டத் தெரிந்த ஆட்கள் கோபி, பவானி பக்கத்தில் வயதானவர்களாக இன்னும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள். ஈரத்தோடு இருக்கும் தார்சின் மேல் பிளாஸ்டிக் மாதிரியான பூச்சை அடித்தால் ஈரம் மேலே போக வழியில்லாமல் கீழே கம்பிப் பக்கம்தான் வரும். அந்தக் கெமிக்கல்காரர் சொன்னதில் எனக்குள்ள மறுப்பு இதுதான்.

அடிப்பக்க வேலைக்கு வருவோம். எங்கேயும் கொத்துவதற்கு முன் முட்டு. கீழ்த்தரையில் பலகை போட்டு, அதன் மேல் ஜாக்கி முட்டு, மேலே நீளப் பலகை. ஓர் அறையை ஒரே நாளில் முழுக்கக் கொத்தாமல் பட்டை பட்டையாகப் போக வேண்டும். பெரிய பிரேக்கர் மெஷின் வேண்டாம், நல்ல கான்கிரீட்டும் அதிர்ந்து விடும். உளியும் கைச்சுத்தியலும் போதும். மேஸ்திரிகள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கம்பியின் அடி முகத்தைச் சுத்தம் செய்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். கம்பிக்குப் பின்னால் ஒரு விரல் நுழையும் அளவு, சுமார் 20 மி.மீ., கொத்த வேண்டும். நீளவாக்கில் துரு இல்லாத கம்பி தெரியும்வரை போய், அதற்கு மேலும் இரண்டு அங்குலம் போக வேண்டும். சொத்தைப் பல்லைச் சுரண்டாமல் அடைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும்.

கம்பியை வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே காப்புப் பூச்சு அடிக்க வேண்டும். மறுநாள் என்றால் மறுபடி துரு. துத்தநாகம் கலந்த பிரைமர் கடையில் கிடைக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் துருத்தடுப்பானைச் சிமெண்டுப் பாலில் கலந்து அடிக்கும் முறையை உருவாக்கியது. அதுவும் நல்ல முறை. பிறகு பழைய கான்கிரீட்டைத் தண்ணீர் காட்டி, மேலே ஈரம் மின்னாத பதத்தில், லேடெக்ஸ் கலந்த சிமெண்டுப் பால் பூச வேண்டும். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவை ஏற வேண்டும். காய்ந்துவிட்டால் ஒட்ட வைப்பதற்குப் பதிலாக அதுவே பிரித்துவிடும். கலவையையும் அரை அங்குலம், முக்கால் அங்குலமாக அடுக்கடுக்காக ஏற்றுங்கள். அதிகப் பலமுள்ள கலவைதான் நல்லது என்று நினைக்க வேண்டாம். உங்கள் கான்கிரீட் சாதாரணப் பலம் கொண்டது. அதன் மேல் ஒட்டியது மிக விறைப்பாக இருந்தால் வெயிலில் இரண்டும் வெவ்வேறாக அசைந்து விளிம்பில் விட்டுவிடும். பெரிய பரப்பு என்றால் கையால் பூசாமல் கனைட்டிங் (காற்றழுத்தத்தில் கலவையைப் பீச்சியடிப்பது) செய்யுங்கள்.

ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி இரண்டு மூன்று வருஷத்தில் புதிதாக வெடிப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். கலவை மோசம் என்று மேஸ்திரியைத் திட்டுவோம். பெரும்பாலும் காரணம் மின்வேதியியல். ஒட்டுக்குள் இருக்கும் கம்பி புதுக் காரத்தில் பத்திரமாகிவிடும். அதே கம்பியின் தொடர்ச்சி பழைய கான்கிரீட்டில், முன்பு பக்கத்துத் துருவால் தப்பியிருந்தது, இப்போது தன் பங்குக்குத் துருப்பிடிக்கத் தொடங்கும். பொள்ளலைத் தாண்டிக் கூடுதலாகக் கொத்தச் சொல்வது இதற்காகத்தான். உப்பு ஏறிய தார்சில் ஒட்டின் ஓரத்தில் கம்பியோடு துத்தநாகக் கட்டியைக் கட்டி உள்ளே வைப்பதும் உண்டு. கம்பிக்குப் பதில் அது கரையும். உங்களுக்கு உப்பு இல்லையென்றால் இந்தச் செலவு தேவைப்படாது.

வேலையைத் தை பிறந்ததும் தொடங்கிப் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது ஈரச் சாக்கைக் கட்டிவைத்தாலும் நிற்காது. பூசிய கலவை இறுகுவதற்கு முன்பே உலர்ந்து மயிரிழை விரிசல் விழும். அதுவே கரியமில வாயுவுக்கு அடுத்த வழி.

எல்லாம் முடிந்தபின் பலத்தில் சந்தேகம் இருந்தால் சுமைச் சோதனை இருக்கிறது. தார்சின் மேல் செங்கல் கரை கட்டி அளவான உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் வைத்து, தொய்வை அளந்து, தண்ணீரை இறக்கியபின் அடுத்த 24 மணி நேரத்துக்குள் அதில் முக்கால் பங்காவது திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். இதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் முன்னிலையில், கீழே முட்டு நிறுத்தி மட்டும் செய்யுங்கள்.

இடிக்கச் சொல்ல வேண்டிய தார்சும் உண்டு. உப்பு மொத்தத் தளத்திலும் ஊறியது, அறையின் நடுவே நூல் பிடித்தால் கண்ணுக்கே தெரியும் தொய்வு, சுவரை ஒட்டிச் சாய்வாக விழுந்த விரிசல், முனைக் கொக்கிகளே துருவில் கரைந்தது. இவற்றில் ஒன்று இருந்தால் அந்த அறையை மட்டும் எடுத்துப் புதிதாகப் போடலாம். ஓர் அறைக்காக வீட்டையே இடிக்க வேண்டியதில்லை.

எதற்கு இவ்வளவு பாடு என்று வீட்டில் கேட்பார்கள். கொங்கு நாட்டில் 1940 முதல் 1970 வரை ஊற்றிய கான்கிரீட்டுக்கு ஒரு தனிக் கை இருக்கிறது: உருண்டை முனை சன்ஷேடு, தாழ்வாரத்தின் வளைந்த ஓரம், கைப்பிடிச் சுவரில் வருஷம் பொறித்த முகப்பு. கோவை மில்கள் சிலவற்றில் வடக்கு வெளிச்சக் கூரைகளை மூன்று அங்குலமே கனமுள்ள கான்கிரீட் ஓடாக வளைத்து ஊற்றியிருக்கிறார்கள். நூல் நூற்பவர் கண்ணில் வெயில் அடிக்காமல் நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் வர அந்த அமைப்பு. கோவை 11 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் பின்பாதியிலிருந்து ஆகஸ்ட் பின்பாதிவரை நண்பகல் சூரியனே வடக்குப் பக்கம் வந்துவிடும். அதற்கும் சேர்த்துச் சரிவை யோசித்திருக்க வேண்டும். மில் மூடியதும் முதலில் போவது இந்தக் கூரைகள்தான். ஓடுகளுக்கு நடுவே உள்ள பள்ளக் கால்வாயில் சருகு அடைத்து, தண்ணீர் நின்று, துருப்பிடித்து, பிறகு மனைப் பிரிவு.

கோவிலுக்கும் கோட்டைக்கும் கிடைக்கும் மரியாதை கான்கிரீட்டுக்குக் கிடைப்பதில்லை. டெல்லியில் 1972-ல் கட்டிய ஹால் ஆஃப் நேஷன்ஸ், உலகமே பார்க்க வந்த கான்கிரீட் கூடம், 2017-ல் ஒரே இரவில் தரைமட்டமானது. நமக்குப் பக்கத்திலேயே எதிர் உதாரணமும் இருக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்டு வடிவமைப்பில் 1930-களில் தொடங்கிக் கட்டினார்கள். கடற்கரை உப்புக் காற்றிலும் அது இன்றுவரை குடியிருப்பாகவே நிற்கிறது. அதன் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளைத் தனியாகத் தூக்கி வைத்து இரட்டைக் கூரையாக்கியிருக்கிறார்கள். வெயிலும் மழையும் தளத்தை நேரே தொடுவதில்லை. அதோடு விடாத பராமரிப்பு.

ஆகவே பழுது பார்க்கும்போது அந்த உருண்டை முனைகளையும் வருஷப் பொறிப்பையும் மேஸ்திரி நேர்கோடாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொத்துவதற்கு முன் தகரத்தில் அச்சு வெட்டி வைத்துக்கொண்டால் அதே வளைவைத் திரும்பக் கொண்டுவரலாம். அடிப்பக்கத்துக்கு எண்ணெய்ப் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பே போதும். அடுத்த ஒழுகல் வந்தால் அதில்தான் உடனே கறை தெரியும்.

மாடி எடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். தார்சைக் காப்பாற்றினாலும் அது தன் எடையையும் ஆள் நடமாட்டத்தையும் சுமக்கத்தான் காப்பாற்றுகிறோம். 1956-ல் உங்கள் பக்கத்துச் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்பிலோ மண் கலவையிலோ கட்டியவை. அஸ்திவாரம் ஒரு தளத்துக்குத்தான் தோண்டியிருப்பார்கள். கூடுதல் அறை வேண்டுமென்றால் வீட்டின் பின்னால், பழைய சுவரைத் தொடாமல் இரண்டங்குல இடைவெளி விட்டு, தனி அஸ்திவாரத்தில் கட்டிக்கொள்ளுங்கள். இப்போதைக்குச் சுத்தியலை எடுத்துச் சமையலறையிலிருந்து தொடங்குங்கள். வரைந்த தாளையும், நிறம் மாறிய ஆழத்தையும், கம்பியின் அளவையும் எழுதி அனுப்பினால், எந்த அறையில் எவ்வளவு கொத்த வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியும்.